பென்சிலால் போட்ட கேள்விக்குறிகள்

பத்திரம் எழுதுவது என் தொழில். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டாம்ப் பேடு, இருபத்தாறு வருஷம். இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எதிரே வந்து உட்காருகிறவர் தன்னை யார் என்று சொல்கிறாரோ, அவராகவே இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. செத்துப்போன பெரியப்பாவுக்குப் பதிலாக வேறொரு கிழவரை உட்காரவைத்துக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கேஸில் சாட்சி சொல்ல ஆறு வாய்தா கோர்ட்டுக்கு அலைந்தேன். அதிலிருந்து போட்டோவைப் பார்ப்பேன், ஆளைப் பார்ப்பேன், திரும்பவும் போட்டோவைப் பார்ப்பேன். வீட்டுக்குப் பால்காரர் வந்தாலும் நான் அப்படித்தான் பார்ப்பதாக என் மனைவி சொல்வாள். அது கொஞ்சம் ஜாஸ்தி.

என் அக்கா எனக்கு நேர் எதிர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள். மாமா இறந்தபிறகு அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறு போட்டது. கள்ளக்குறிச்சியில் எங்கள் வார்டுப் பெண்களில் பாதிப் பேருடைய அளவு அவள் நோட்டில் இருந்தது, மீதிப் பேருடையது தலையில் இருந்தது. யார் வந்தாலும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் டேப்பை எடுப்பாள். இப்படி ஊரையே நம்பினால் ஒருநாள் தெருவில் நிற்க வேண்டியிருக்கும் என்று நான் சொல்வேன். "நான் இப்பவே தெருக் கோடியிலதான்டா நிக்கறேன்" என்பாள்.

அவள் சொன்னது உண்மை. எங்கள் தெருவின் கடைசி வீடு அவளுடையது. தெரு அங்கே பள்ளமாக இறங்குகிறது. மேலே இருக்கிற நாலு தெருச் சாக்கடையும் மழை வந்தால் அவள் சமையலறையில்தான் வந்து நிற்கும். காஸ் அடுப்பை மேசைமேல் ஏற்றிவைத்துச் சமைப்பாள். தையல் மெஷினின் நாலு காலுக்கும் செங்கல் வைத்திருந்தாள். பதினோரு வருஷமாகக் கால்வாய் கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருந்தாள். நகராட்சி அலுவலகம், கலெக்டர் ஆபீஸ், திங்கட்கிழமைக் குறைதீர்வு நாள் என்று எதையும் விடவில்லை. ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தாள். அந்த மனுக்கள் எல்லாம் நான் எழுதிக்கொடுத்தவைதான்.

கடைசியாகப் போனபோது, முன்பு எங்கள் வார்டில் ஆட்டிவைத்துக்கொண்டிருந்த ஒருவர், பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே, "நீயே நின்னு ஜெயிச்சு வந்து கால்வா கட்டிக்கம்மா" என்றார். அக்கா வீட்டுக்கு வந்து தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஓரமாக வைத்தாள். என்னை வரச்சொன்னாள்.

"டேய், ஒரு மனு எழுதணும்."

"கால்வாய்க்கா?"

"இல்ல. கவுன்சிலருக்கு."

அந்தத் தடவை எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மொத்தம் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர், ஹார்டுவேர்ஸ் கடைக்காரரின் மனைவி. கட்சிச் சின்னம், டெம்போ, மைக் எல்லாம் அவர் பக்கம். போஸ்டரில் அந்த அம்மாவைவிடக் கடைக்காரரின் படம்தான் பெரிதாக இருந்தது. இரண்டாவது அக்கா. சுயேச்சை. அவளுக்குக் கிடைத்த சின்னம் தண்ணீர்க் குழாய். மூன்றாவதாக ஒரு ரிட்டையர்டு நர்ஸம்மா நின்றார். அக்காவின் ஓட்டைப் பிரிக்க யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். பாவம், அவர் தன் ஆசைக்கு நின்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பிரச்சாரம் தொடங்கியதும் எனக்குத் தூக்கம் போயிற்று. அக்கா கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவாள். பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள். அவள் பூரித்துப்போவாள். அதே வீட்டில், அதே தட்டில், அதே மஞ்சள் தண்ணீரை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஹார்டுவேர்ஸ் அம்மாவுக்குச் சுற்றியதை நான் பார்த்திருப்பேன். சாயங்காலம் நர்ஸம்மாவுக்கும் சுற்றுவார்கள். சொன்னால் அக்கா, "வாசலுக்கு வந்தவங்கள வாங்கன்னு கூப்படறது தப்பாடா?" என்று கேட்பாள்.

என் வேலை வாக்காளர் பட்டியல். எல்லாத் தேர்தலிலும் செய்வதுதான். பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து, வீடு வீடாகப் பார்த்து, நம் ஓட்டுக்கு டிக், அவர்கள் ஓட்டுக்குப் பெருக்கல் குறி, தெரியாததற்குக் கேள்விக்குறி. பென்சிலால்தான் போட வேண்டும், மனசு மாறினால் அழிக்கலாம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் அழித்ததெல்லாம் டிக்குகளைத்தான். ஒருவர் சிரித்துப் பேசினால் ஏன் சிரிக்கிறார் என்று தோன்றும். சிரிக்காவிட்டால் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டார் என்று தோன்றும். ஒரு வாரத்தில் எங்கள் பட்டியல் முழுக்கக் கேள்விக்குறியாக ஆகிவிட்டது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஹார்டுவேர்ஸ்காரருக்கு வரிசையாக ஆறு ஓடு போட்ட வீடுகள் இருக்கின்றன, வாடகைக்கு விடுவார். அதில் இரண்டில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து வந்த குடும்பம் பல வருஷமாக இருந்தது. புருஷன், பெண்டாட்டி, மாமியார், இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். ஏழு ஓட்டு. கட்டட வேலைக்குப் போவார்கள். மரவள்ளி பிடுங்குகிற சமயத்தில் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். தேர்தல் வந்தது சரியாக அந்தச் சமயத்தில். அவர்களில் யாரையும் எனக்கு முகம் பார்த்துத் தெரியாது. பின்சந்துக்கு நான் போவதே கிடையாது.

ஒருநாள் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்: "மலைக்காரங்க ஏழு பேரையும் வரச்சொல்லலாங்க. ரெண்டு வருசம் முன்ன நீங்க வெளியூர் போயிருந்தப்போ, மழையில அவங்க வூட்டுல தண்ணி வந்தப்போ, அண்ணிதான மூணு நாளு தையல் ரூம்ல தங்க வெச்சாங்க? அவங்க மறக்கமாட்டாங்க."

"அவன் வீட்டில் குடியிருக்கிறவர்கள் அவனுக்குத்தான் போடுவார்கள். கூட்டிக்கொண்டு வந்து நாமே அவனுக்கு ஏழு ஓட்டுப் போட்டுக்கொடுக்க வேண்டுமா? வேறு வேலை இல்லையா உனக்கு?" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் பட்டியலை எடுத்து ஏழு பேருக்கும் வரிசையாகக் கேள்விக்குறி போட்டேன்.

அதற்குப் பிறகுதான் மனைவிமீதே என் சந்தேகக் கண் விழுந்தது. ஹார்டுவேர்ஸ் அம்மாவும் அவளும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். மாதா கோயில் திருவிழாத் தேருக்குப் பூ கட்டும்போது இன்றைக்கும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். இப்போது போன் வந்தால் என் மனைவி மொட்டை மாடிக்குப் போனாள். யாரு என்று கேட்டால், "கோயில்ல பாட்டு சொல்லிக்குடுக்கற சிஸ்டர்" என்றாள். சிஸ்டருக்குத் தினமும் என்ன பேச்சு? ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை பஸ் பக்கத்தில் நின்று கண்டக்டரிடம் ஒரு மடித்த பேப்பரைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே யாருடைய கடை? ஹார்டுவேர்ஸ் கடை. கடை வாசலில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து அவள் காதுபட நான் தேர்தல் பேசவில்லை. வாக்குச்சாவடிக்குள் அக்காவுக்கு ஏஜெண்டாக உட்காரப்போவது நான்தான் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை. வேறு ஒருவர் உட்காருவதாகச் சொல்லிவைத்தேன். எதிரிக்கு எதுவும் தெரியக்கூடாது அல்லவா. பட்டியலில் எங்கள் வீட்டு எண்ணில் என் பெயருக்கு டிக் போட்டேன். அடுத்த வரியில் அவள் பெயர். பென்சிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு கேள்விக்குறி போட்டேன். எழுதும்போது வெட்கமாக இல்லை. கடமையைச் செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஓட்டுப்பதிவு அன்று பள்ளிக்கூட அறையில் மூன்று ஏஜெண்டுகள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். ஹார்டுவேர்ஸ் தரப்பில் அவர்கள் கடைக் கணக்குப்பிள்ளை. பின்சந்தின் அந்த ஆறு வீடுகளின் வாடகையை வாங்குவதும் அவர்தான். நர்ஸம்மா தரப்பில் ஒரு பெரியவர், பாதி நேரம் கொட்டாவி. அலுவலர் வரிசை எண்ணைப் படிப்பார், நாங்கள் பட்டியலில் கோடு போடுவோம். ஒன்பது மணி வாக்கில் ஒரு பெண் உள்ளே வந்தாள். அலுவலர் எண்ணைப் படித்தார். என் பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே கேள்விக்குறி. மலைக்குப் போய்விட்ட குடும்பம்.

நிமிர்ந்து பார்த்தேன். தலையில் சேலை முந்தானை. முந்தானைக்குள் மொட்டை, சந்தனம் பூசியிருந்தது. மெலிந்த உடம்பு. அவள் நீட்டிய அட்டையில் இருந்த படத்தில் நெற்றி வரைக்கும் இறங்கிய அடர்த்தியான முடி, இரண்டு பக்கமும் மூக்குத்தி, உப்பின கன்னம். போட்டோவைப் பார்த்தேன், ஆளைப் பார்த்தேன், திரும்பவும் போட்டோவைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷத் தொழில் எனக்குள் எழுந்து நின்றது.

"சார், ஆட்சேபணை. இது அந்த ஆள் இல்லை. இந்தக் குடும்பம் ஊரிலேயே இல்லை, மலைக்குப் போய்விட்டது. கள்ள ஓட்டு" என்றேன்.

அலுவலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நான்தான் சார். வேண்டுதலுக்கு முடி குடுத்தேன். காத்தாலதான் பஸ்ஸுல வந்தோம்" என்றாள். அலுவலர் மற்ற ஏஜெண்டுகளைப் பார்த்து, "இவங்கள யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். பெரியவர் தெரியாது என்றார். கணக்குப்பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்து தன் பட்டியலைப் புரட்டத் தொடங்கினார். வாயே திறக்கவில்லை. தங்கள் கள்ள ஓட்டு மாட்டிக்கொண்டது, அதுதான் முகம் தொங்கிவிட்டது என்று எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

"சத்த ஓரமா நில்லுங்கம்மா. வரிசை கொறையட்டும், விசாரிச்சுட்டு அனுப்பறேன்" என்றார் அலுவலர். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து யாரோ, "கள்ள ஓட்டாம்" என்றது எல்லோருக்கும் கேட்டது. அவள் ஓரமாக நின்றாள். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு மேசையிலிருந்த தன் அட்டையை எடுத்துக்கொண்டாள்.

"வேணாம் வுடு சார். நாங்க திருட வரல" என்றாள்.

அலுவலர் இரும்மா என்று சொல்லச் சொல்ல வெளியே போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையில் நின்றிருந்த ஒரு கிழவி, இரண்டு பெண்கள், ஆண்கள் வரிசையில் மூன்று பேர், எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக விலகி அவளோடு நடந்தார்கள். ஒரு கும்பலையே துரத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்கு நானே இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

எண்ணிக்கை நாளன்று நான் தனியாகத்தான் போனேன். அக்கா வீட்டிலேயே இருந்தாள், என் மனைவி அவளுக்குத் துணையாக இருந்தாள். நாலு ஓட்டு. நாலே நாலு ஓட்டில் அக்கா தோற்றாள். திரும்பவும் எண்ணச் சொன்னேன், ஓட்டு மெஷின் திரும்பவும் அதையே சொன்னது. பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே நடந்து அக்கா வீட்டுக்கு வந்தேன். அவள் தையல் மெஷின்முன் உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போவுது வுடு. இவ்ளோ பேரு நமக்குப் போட்டாங்களே" என்றாள். ஆனால் அவள் பார்வை செங்கல்மேல் நின்ற மெஷின் காலில் இருந்தது.

என் மனைவிதான் கணக்குக் கேட்டாள். "நாலா? அப்போ மலைக்காரங்க ஏழு பேரு இன்னா ஆனாங்க? முதல் பஸ்ஸுல வந்துட்டாங்கன்னு கண்டக்டர் சொன்னாரே!"

"நீ எதற்குக் கண்டக்டரிடம் பேசினாய்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் என் வாயில் வந்தது கேள்விதான்.

"அவங்க ஊர்ல டவர் கெடையாது. போன் எடுக்காது. கண்டக்டர்கிட்டதான் சீட்டு குடுத்து வுடணும். அவரு போன் பண்ணி எனக்குச் சொல்லுவாரு. ஹார்டுவேர்ஸ்காரருக்குத் தெரிஞ்சா அவங்கள காலி பண்ணச் சொல்லிடுவாருன்னு யார்கிட்டயும் சொல்லல. அண்ணிகிட்டகூட சொல்லல. உங்ககிட்ட சொன்னா வேணாம்பீங்க."

நடந்ததைச் சொன்னேன். மறைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளை ஏன் குனிந்துகொண்டார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதாமாதம் அவள் கையால் வாடகை வாங்குகிறவருக்கு அவளைத் தெரியாதா? அவருக்கு வேலையே வைக்காமல் நானே முடித்துக்கொடுத்தேன்.

அக்கா கை நீட்டினாள். "அந்த லிஸ்டைக் குடு."

கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். "பூக்காரம்மாவுக்குக் கேள்வி. வாத்தியார் வூட்டுக்குக் கேள்வி. இவங்க புள்ளைக்கு நான்டா சட்டை தச்சேன், இவங்களுக்குமா?" விரல் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. பட்டியலைச் சட்டென்று மடித்தாள். ஆனால் என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.

"எனக்குமா?" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு பல வாரம் சோறு போடும்போது, "சந்தேகமா இருந்தா மொதல்ல எனக்கு ஒரு வாய் குடுத்துட்டு சாப்புடுங்க" என்பாள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

மே மாதம் கோடை மழை ஒருநாள் கொட்டித் தீர்த்தது. அக்கா வீட்டுச் சமையலறையில் கணுக்காலுக்குமேல் கறுப்புத் தண்ணீர். நானும் மனைவியும் அன்னக்கூடைப் பாத்திரத்தாலும் வாளியாலும் மொண்டு வெளியே ஊற்றினோம். அக்கா, மிதந்து வந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஏழு ஓட்டு விழுந்திருந்தால் இந்நேரம் கால்வாய்க்கு அளவாவது எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மலைக்காரக் குடும்பம் அன்று போனது போனதுதான், திரும்பி வரவில்லை. பின்சந்து வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த வாரத்தில் அக்கா ஒரு பச்சை ஜாக்கெட்டைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். "வெள்ளிமலைக்குப் போய்க் குடுத்துட்டு வா. நீயே போவணும்."

"அளவு?"

"அளவு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் அங்க உக்காந்திருந்தா, மொட்டையோ முடியோ, தோளப் பாத்தே சொல்லியிருப்பேன்."

பஸ்ஸில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போதே போனில் சிக்னல் போய்விட்டது. வெள்ளிமலையில் இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு, பிறகு கொஞ்ச தூரம் நடந்து விசாரித்தேன். யாரைக் கேட்டாலும், "நீ யாரு? எதுக்குத் தேடற?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்ததில் தப்பில்லை.

அவள் வாசலில் மரவள்ளித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு விரற்கடை முடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரே தடவை, ஐந்து நிமிஷம் பார்த்த முகம், அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. பஸ்ஸில் வேறு ஏதேதோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். "அக்கா கொடுத்தனுப்பினாள்" என்று மட்டும் சொல்லிக் காகிதத்தை நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். "டெய்லரக்காவா?" என்று எழுந்து உள்ளே போனாள். மாமியார் எனக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கையைத் தூக்கிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"அளவு சரியா இருக்குது. இப்ப நல்லா பாத்து சொல்லு சார், நான்தான?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சொம்பைப் பார்த்துக்கொண்டு, "நீங்கதாம்மா" என்றேன்.